குடை வீட்டுத் தங்கபுஷ்பம் அக்கா

மல்லாங்கிணற்றில் ஒரு காதுகுத்து வீட்டுப் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது. இலையில் சோறு விழுந்திருந்தது. சாம்பார் வாளி இரண்டு ஆள் தள்ளி வந்துகொண்டிருந்தது. சூலக்கரை அடுக்குமாடிக் குடியிருப்பில் அக்காவுக்குக் கீழ்வீட்டில் இருக்கும் கலா பேசினாள். "டீச்சர், பெரிய டீச்சர் கதவத் தொறக்க மாட்டேங்காக. பால் பாக்கெட்டு அப்பிடியே கெடக்கு. கொஞ்சம் வாங்களேன்" என்றாள். நான் போய்ச் சேர்வதற்குள் தாழ்ப்பாளை உடைத்துவிட்டார்கள். அக்கா நாற்காலியில் உட்கார்ந்தபடியே போயிருந்தார். குளித்து, தலை சீவி, கஞ்சி போட்ட சேலை கட்டி, வெளியே கிளம்பத் தயாராக இருந்தார். அன்று ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் எங்கே கிளம்புவார் என்று உங்களில் பலருக்குத் தெரியும்.

அவரிடம் வரலாறு படித்த பெண்கள் இந்த மாவட்டம் முழுக்க இருக்கிறீர்கள். உங்களுக்கு அவர் மேடம். அதே கல்லூரியில் பக்கத்து மேசையில் உட்கார்ந்து தமிழ் எடுத்துக்கொண்டிருந்த எனக்கு அக்கா. நான் முன்கோபி, அவர் பிடிவாதக்காரர். நாங்கள் சண்டை போடாத வாரம் என்று ஒன்று எனக்கு நினைவில் இல்லை. கடைசிச் சண்டை முடியவே இல்லை. அதை மனசில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அஞ்சலிக்கு உரிய பதவிசு இதில் குறைந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிவகாசியை விட்டு ஆனைக்குட்டம் போகும் பாதையில், கம்பெனி லாரிகளும் அட்டைப்பெட்டி குடோன்களும் முடிகிற இடத்தில் சட்டென்று வெயில் குறையும். அதுதான் மரக்காலனி. பத்திரத்தில் வேறு பெயர் இருக்கிறது; அதைச் சொன்னால் ஆட்டோக்காரர் முழிப்பார். தெருவின் இரண்டு பக்கமும் வேம்பும் புங்கையும் தூங்குமூஞ்சி மரமும் மேலே கைகோத்து நிற்கும். தீப்பெட்டியிலும் வெடியிலும் அச்சிலும் முதன்முதலாகக் காசு பார்த்த குடும்பங்கள், கடைவீதி நெருக்கடியை விட்டு வெளியே வந்து கட்டிய வீடுகள் அவை. குடிக்கவே தண்ணீர் இல்லாத ஊரில் மாட்டுவண்டியில் பீப்பாய் வைத்துத் தண்ணீர் கொண்டுவந்து அந்த மரங்களை வளர்த்தார்கள். வீடுகளின் நெற்றியில், அவரவர் தீப்பெட்டி லேபிளில் இருந்த சின்னத்தைச் சுண்ணாம்புச் சுதையில் செய்து வைத்தார்கள். முயல் வீடு, கடிகார வீடு, குடை வீடு. கதவு எண்ணைச் சொல்லி அங்கே யாரும் வீடு கண்டுபிடித்ததில்லை. குடை வீடு அக்காவின் அப்பா கட்டியது. மழையே பெய்யாத ஊரில் குடையை லேபிளாக வைத்த அவருடைய தைரியத்தை நான் பலமுறை கேலி செய்திருக்கிறேன். "வெயிலுக்குப் பிடிச்சா குடை வேண்டாங்குமாடி?" என்பார் அக்கா.

அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா காலத்துக்குப் பிறகு வீடும் வெடிக் கம்பெனியும் தம்பி ராஜமாணிக்கம் பெயருக்கு வந்தன. அவரை நான் அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். அண்ணாச்சி குடும்பத்தோடு புதுவீட்டுக்குப் போன பிறகும் அக்கா குடை வீட்டு மாடியை விட்டு அசையவில்லை. அந்த வீட்டின் சிவப்புச் சிமெண்டுத் தரையில் குனிந்தால் முகம் தெரியும். வேலைக்கு ஆள் இருந்தும், தேங்காய் எண்ணெய் தொட்ட துணியோடு முட்டி போட்டு அவரேதான் தரையைத் துடைப்பார். பர்மா தேக்குப் படிக்கட்டில் நான் செருப்போடு ஏறிவிட்டேன் என்று ஒரு முறை என்னோடு ஒரு வாரம் பேசாமல் இருந்தார். பெற்ற பிள்ளையைக்கூட அப்படிப் பார்த்துக்கொள்வார்களா என்று தோன்றும்.

தன் வீடு மட்டும் என்றில்லை, காலனியில் எல்லா வீடுமே அவருக்குச் சொந்தம்தான். கடிகார வீட்டுப் பெரியவர் ஒரு சமயம் முகப்பு முழுக்க டைல்ஸ் ஒட்ட ஆள் கூட்டி வந்துவிட்டார். சேதி கேட்ட அக்கா கல்லூரிக்கு லீவு சொல்லிவிட்டு, ஒரு பிரம்பு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய், சாரத்துக்கு நேர் கீழே போட்டு உட்கார்ந்துவிட்டார். மேலே இருந்து சிமெண்டு சொட்டினால் அவர் தலையில்தான் சொட்டும். கொத்தனார் எப்படி வேலை பார்ப்பார்? பெரியவர் கெஞ்சினார். "எம்மா, வீட்ல கல்யாணம் வருது. வீடு பழசாத் தெரியக் கூடாதுல்ல?" அக்கா அசரவில்லை. "தாராளமா ஒட்டுங்க மாமா. வர்றவுக கக்கூஸ் எங்கன இருக்குன்னு கேக்க மாட்டாக. வாசலப் பாத்ததும் இதான்னு நெனச்சுக்கிருவாக." சாரத்தின் மேல் இருந்த கொத்தனாரே சிரித்துவிட்டார். சாயங்காலம் அந்த வீட்டுக் காபியைக் குடித்துவிட்டுத்தான் அக்கா எழுந்தார். டைல்ஸ் குளியலறைக்குப் போயிற்று.

ஓய்வு பெற்ற பிறகு ஞாயிறுதோறும் காலையில் காலனியைச் சுற்றிக்காட்ட ஆரம்பித்தார். கல்லூரிப் பிள்ளைகள், மதுரையிலிருந்து கட்டடக்கலை மாணவர்கள், லீவுக்கு ஊர் வந்தவர்கள் என்று யார் வந்தாலும் கூட்டிக்கொண்டு நடப்பார். முயல் வீட்டில் ஆரம்பிக்கும் நடை குடை வீட்டு வாசலில் முடியும். அங்கே நின்றுதான் காலனியின் பெரிய பெருமையைச் சொல்வார். நாடு முழுக்க வெடி அனுப்புகிற முதலாளிகள் வாழும் அந்தத் தெருக்களில் தீபாவளிக்கு ஒரு கம்பி மத்தாப்புகூடக் கொளுத்த மாட்டார்கள். வீட்டுப் பிள்ளைகள் அடம் பிடித்தால் காரில் ஏற்றிக்கொண்டு பைபாஸ் பக்கம் போய் வெடித்துவிட்டு வருவார்கள். மரத்தில் அடையும் பறவைகள் பயந்துவிடக்கூடாது என்று பெரியவர்கள் அந்தக் காலத்திலேயே போட்ட கட்டுப்பாடு என்பது கதை. பத்திரிகைக்காரர்கள் தீபாவளிக்குத் தீபாவளி வந்து கொக்குகளைப் படம் எடுத்துப் போவார்கள். நடைக்கு வந்தவர்கள் கைதட்டுவார்கள். நானும் தட்டியிருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு புரட்டாசி ஞாயிறு. நடைக்கு வந்த மாணவி ஒருத்தி தன் அம்மாவையும் கூட்டி வந்திருந்தாள். பெயர் முத்துமாரி, ஊர் ஆனைக்குட்டம், வெடிக் கம்பெனியில் வேலை. பறவைக் கதை முடிந்து எல்லோரும் கைதட்டியபோது அவர் தட்டவில்லை. வேப்பமரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே கேட்டார். "இதாம்மா குடை வீடு?"

"ஆமா" என்றார் அக்கா.

"எங்க அம்மா சொல்லும். எங்க அப்பா தீயில வெந்த அன்னைக்கு இங்கன வந்துதான் உக்காந்திருந்துச்சாம். எந்த ஆஸ்பத்திரின்னு கேக்க அம்புட்டுப் பேரும் வந்தாகளாம். நான் அப்ப வயித்துல. கேட்டு பூட்டியிருந்துச்சாம். ஆனா நெழலு நல்ல நெழலுன்னு சொல்லும். நெழலாவது கெடச்சுச்சேன்னு சொல்லும்."

அதில் குத்தல் எதுவும் இல்லை. கல்யாண வீட்டுச் சாப்பாட்டைப் பாராட்டுவது போலத்தான் சொன்னார். அக்காதான், வந்தவர்களுக்கு எப்போதும் கொடுக்கும் பானகத்தைக்கூடக் கொடுக்காமல் மாடிக்குப் போய்விட்டார். நான் பின்னாலேயே போனேன். தரையில் உட்கார்ந்திருந்தவர் என்னை நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார். "அந்தம்மா சொன்னது நெசம், சரசு. வெடி போடாம இருக்கறது பறவைக்காக இல்ல."

நடந்தது இதுதான். அக்கா அப்போது வெளியூர்க் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். தீபாவளி லீவுக்கு வீட்டுக்கு வந்திருந்தார். பண்டிகைக்கு முந்தின நாள், கடைசி லோடு அனுப்பும் அவசரத்தில் குடை வீட்டுக் கம்பெனியில் தீப்பிடித்தது. வெந்தவர்களை வேனில் அள்ளிப் போட்டுக்கொண்டு போனார்கள். எங்கே கொண்டுபோனார்கள் என்று அவர்கள் வீட்டாருக்குத் தெரியவில்லை. கம்பெனியில் சொல்ல ஆள் இல்லை. ஆகவே முதலாளி வீட்டுக்கு வந்தார்கள். கேட் பூட்டியிருந்தது. அவர்கள் மரத்தடியில் உட்கார்ந்தார்கள். தீபாவளி அன்றும் அங்கேயே இருந்தார்கள். அக்கா மாடியில் நின்று பார்த்தார், இறங்கவில்லை. காலனியில் யாருக்கும் தீக்குச்சி கிழிக்கக் கை வரவில்லை. அடுத்த ஆண்டும் வரவில்லை. பிறகு யாரோ பறவைகள் என்று ஒரு காரணம் சொன்னார்கள். எல்லோருக்கும் அது வசதியாக இருந்தது. "நான் வரலாறு படிச்சவ. எல்லாத்தையும் கண்ணால பாத்தவ. நானும் சேந்து அதையே பாடிக்கிட்டு இருந்திருக்கேன் பாரு" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார்.

முத்துமாரி வந்து போன நேரம்தான் கெட்ட நேரம். குடை வீட்டு மனைக்கு அடுக்குமாடி கட்டுகிறவர்கள் வரிசையில் நின்றார்கள். அக்கா ஆண்டுக்கணக்கில் கெஞ்சியதில் அண்ணாச்சி அப்போதுதான் மனம் இளகியிருந்தார். வீட்டை இடிப்பதில்லை, பாரம்பரியக் கட்டடமாகப் பதிவு செய்வது, கீழ்த்தளத்தில் பழைய லேபிள்களைக் காட்சிக்கு வைப்பது என்று பேச்சு முடிந்திருந்தது. மதுரை மாணவர்கள் அளவெடுக்க வருவதாக இருந்தார்கள். அக்கா தம்பியைக் கூப்பிட்டு, இனி நடையில் உள்ளதை உள்ளபடி சொல்லப்போகிறேன் என்றார். அண்ணாச்சி சத்தம் போடவில்லை. "அக்கா, வீட்ட நான் காப்பாத்துறேன். நீ பறவைக் கதையையே சொல்லு. அதுல யாருக்கு என்ன நட்டம்?" என்றார். அக்கா மாட்டேன் என்று தலையசைக்கவும் எழுந்துவிட்டார். "அப்பா பேரத் தெருவுல இழுத்துட்டு அப்பா கட்டுன வீட்ட மட்டும் நான் எதுக்கு வச்சிருக்கணும்?"

நான் அண்ணாச்சி கட்சி. அதை இன்றும் மறைக்க மாட்டேன். "போன உயிர் வரப் போறதில்லை அக்கா. வீடு போனாலும் வரப் போறதில்லை" என்றேன். பதிவு முடியட்டும், அடுத்த வருடம் சொல்லுங்கள் என்று பேரம்கூடப் பேசினேன். அவர், "அடுத்த வருசம் இன்னொரு காரணம் வரும்" என்றார். பிடிவாதம் பிடித்த கிழவி என்று திட்டினேன். அதற்கும் கோபப்படவில்லை. "பொய்யச் சொல்லிக் காப்பாத்துனா அது வீடு இல்லடி, விளம்பரம். சொன்னா முழுசாச் சொல்லணும்" என்றார்.

மாணவர்கள் அளவு நாடாவோடு வந்திருந்த ஞாயிற்றுக்கிழமை, அண்ணாச்சியும் வாசலில் நிற்க, அக்கா முழுவதையும் சொன்னார். குரல் உயரவில்லை. வகுப்பில் பாடம் எடுப்பது போலத்தான் சொன்னார். தான் மாடியில் நின்றதையும் சொன்னார். ஒரு மாணவன், "கேட்டைப் பூட்டச் சொன்னது உங்க அப்பாவா மேடம்?" என்று கேட்டான். அக்கா வாசலில் நின்ற தம்பியைப் பார்த்தார். பிறகு, "வீட்டுக்குப் பெரியவுக அவுகதான" என்றார். அண்ணாச்சி விறுவிறுவென்று காரில் ஏறிப் போய்விட்டார்.

தை பிறந்ததும் பொக்லைன் வந்தது. வேண்டாம் என்று நான் சொல்லச் சொல்லக் கேட்காமல் அக்கா என்னை இழுத்துக்கொண்டு போய் எதிர்ச்சாரி மரத்தடியில் நின்றார். அழுவார் என்று நினைத்தேன். அவரோ தெருவைக் கடந்து போய் டிரைவரிடம், "தம்பி, வலது பக்கத் தூணு உள்ள இரும்பு கெடக்கு. ஒரேயடியா இழுக்காதீக, ஒங்க மேலயே சாஞ்சிரும்" என்று சொல்லிவிட்டு வந்தார். சுதைக் குடை விழுந்தபோது என் கையைப் பிடித்தார். விரல் நோகிற அளவுக்குப் பிடித்திருந்தார். எனக்கு அழுகையை விட ஆத்திரம்தான் வந்தது. யார் மீது என்று கேட்டால் அவர் மீதுதான்.

அதற்குப் பிறகு சூலக்கரையில், கலெக்டர் ஆபீஸ் தாண்டி ஒரு பொட்டலில் கட்டிய அடுக்குமாடியில் வாடகைக்குப் போனார். ஜன்னலைத் திறந்தால் வெயில் முகத்தில் அறையும். தம்பி பேச்சை நிறுத்திவிட்டார். காலனிக்காரர்கள் பாதிப்பேர் பாராமுகமானார்கள். கடிகார வீட்டில் காபிக்குக் கூப்பிடுவதும் நின்றது. அவர் மட்டும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பஸ் பிடித்துப் போய், முயல் வீட்டில் ஆரம்பித்து, தகரம் அடித்து மறைத்த காலி மனையில் முடித்தார். நான் போகும்போதெல்லாம், "இப்போ சந்தோஷமா? காட்டுறதுக்குக் கட்டடமும் இல்ல" என்று குத்துவேன். "கேக்குறதுக்கு ஆள் வருதுல்ல" என்பார். சண்டை இப்படியே ஓடிக்கொண்டிருந்தபோதுதான் கலாவின் போன் வந்தது.

கொள்ளி வைத்தது அண்ணாச்சிதான். காரியம் முடிந்து வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, நடை உண்டா என்று ஆட்கள் எனக்குப் போன் செய்தார்கள். மறுக்க மனம் வரவில்லை. முத்துமாரியும் மகளோடு வந்திருந்தார். கூட்டத்தின் கடைசியில், வெள்ளை வேட்டியில், கைத்தடியோடு அண்ணாச்சி நின்றார். வீட்டை இடித்தவருக்கு இங்கே என்ன வேலை என்று நினைத்துக்கொண்டேன். காலி மனைக்கு வந்து சேர்ந்ததும், அக்கா சொல்லாத அளவுக்கு அழுத்தியே சொன்னேன். "இந்த வீட்டு முதலாளி, அழுதுகொண்டு வந்த பெண்களைப் பார்த்துக் கேட்டைப் பூட்டச் சொன்னார்" என்றேன்.

"டீச்சர், அது தப்பு."

அண்ணாச்சி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். சண்டைக்கு வருகிறார் என்றுதான் நினைத்தேன்.

"அப்பா அன்னைக்கு ஊர்லயே இல்ல. மதுரை ஆஸ்பத்திரியில, வெந்தவுக பக்கத்துல நின்னாக. வீட்ல நாந்தான் இருந்தேன். பள்ளிக்கூடப் படிப்ப முடிச்சிட்டு கம்பெனிக்குப் போக ஆரம்பிச்ச புதுசு. கூட்டத்தப் பாத்துப் பயந்துட்டேன். கேட்ட நாந்தான் பூட்டுனேன். எந்த ஆஸ்பத்திரின்னு கம்பி வழியா கேட்டாக. எனக்குத் தெரியும். அப்பா போன் பண்ணிச் சொல்லியிருந்தாக. நான் சொல்லல. தீபாவளிக்கு மறுநாள் அப்பா வந்துதான் கேட்டத் தொறந்தாக. அடுத்த வருசம் காலனியில வெடி வேண்டாம்னு வீடு வீடாப் போய்ச் சொன்னதும் அவுகதான். அக்காவுக்கு இது அம்புட்டும் தெரியும்."

முத்துமாரிதான் கேட்டார். "எங்க அப்பா, அந்த ஆஸ்பத்திரியில உசுரோட இருந்தாரா அண்ணாச்சி?"

"ரெண்டு நாள் இருந்தாருன்னு அப்பா சொன்னாக."

"அப்ப எங்க அம்மா பாத்திருக்கலாம்."

"பாத்திருக்கலாம்மா" என்றார் அண்ணாச்சி. முத்துமாரி மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றார். மன்னித்தேன் என்றோ மன்னிக்கவில்லை என்றோ சொல்லவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக் கிளம்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்து நான் அழுதேன், திட்டவும் திட்டினேன். முழுசாச் சொல்லணும் என்று என்னோடு அத்தனை மல்லுக்கட்டியவர் இதை மட்டும் விழுங்கியிருக்கிறார். போய்ச் சேர்ந்த அப்பாவின் பெயரைப் பழிக்குக் கொடுத்து, இருக்கிற தம்பியைக் காப்பாற்றியிருக்கிறார். அந்தத் தம்பி வீட்டை இடித்து அவரைப் பொட்டலுக்கு அனுப்பியபோதுகூட, ஒரு வார்த்தையில் அவர் வாயை அடைத்திருக்கலாம். செய்யவில்லை. அது பாசமா, வரலாறு படித்தவர் செய்யக்கூடாத தப்பா? தப்புதான் அக்கா. உங்கள் அப்பாவுக்கும் செய்த தப்பு, முத்துமாரிக்கும் செய்த தப்பு. நேரில் வந்து சொல்லிச் சண்டை போட முடியவில்லையே என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அவருடைய ஞாயிற்றுக்கிழமை. முயல் வீட்டிலிருந்து காலி மனை வரைக்கும் நான் பேசுகிறேன். அங்கே போனதும் ஒதுங்கி நிற்கிறேன். வாயை மூடிக்கொண்டு நிற்பது எனக்குப் பழக்கமில்லாத காரியம், கற்றுக்கொண்டு வருகிறேன். அண்ணாச்சி கைத்தடியை ஊன்றி முன்னால் வந்து, யார் முகத்தையும் பார்க்காமல், "கேட்ட நாந்தான் பூட்டுனேன்" என்று ஆரம்பிக்கிறார்.